ராஃபாவும் குளிசையும்

2025 மார்ச் 3, திங்கள்

கந்தோரில் இன்றைக்கும் ஒரு சுற்றறிக்கையோடு மல்லுக்கட்டு. சிங்களத்தில் இருக்கிற ஒரு சொல்லுக்கு நான் ஒரு தமிழ் சொல்கிறேன், மேலே இருக்கிறவர் வேறொரு தமிழ் சொல்கிறார். சிங்களத்தைத் தமிழாக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆனாலும் அவர் சொன்னதுதான் போனது. வாசிக்கிற சனம் "ஆர் இந்த விசர்த் தமிழ எழுதின?" என்று என்னைத்தான் திட்டும். திட்டட்டும்.

பின்னேரம் பாலத்தைக் கடந்து கல்லடிக்குப் போனேன், தங்கச்சி வீட்டுக்கு. வாசலில் அவள் புருசன் மதுரன் ஓட்டோவைக் கழுவிக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் பைப்பை மூடிவிட்டுக் கிட்ட வந்தான்.

"அக்கா, இவ குளிசை போடுறல்ல."

"எப்ப இருந்து?"

"அந்த ஜெபக்கூட்டத்துக்குப் போய் வந்த நாள்ல இருந்து. நான் சொன்னாக் கேக்கிறா இல்ல. நீங்க ஒருக்காக் கேளுங்க."

தங்கச்சி டினோஷாவுக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வரத் தொடங்கியது. காலையும் இரவும் குளிசை. அதைப் போட்டுக்கொண்டே படித்தாள், முன்பள்ளி டீச்சரானாள், கலியாணமும் முடித்தாள். இரண்டு வருடமாக ஒரு தரம்கூட வரவில்லை. திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும், உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் என் முன்னால்தான் அவளுக்குச் சொன்னார்.

உள்ளே போனேன். பிரிட்ஜ் கதவில் புதிதாக ஒரு ஸ்டிக்கர். ஒரு வெள்ளைப் புறா, அதன் கீழே நீல எழுத்தில் 'யெகோவா ராஃபா'.

"என்னகா இது?" என்று டினோஷாவைக் கேட்டேன்.

"சுகமாக்கிற கர்த்தர் எண்டு அர்த்தம். எனக்குச் சுகம் கிடைச்சிட்டு அக்கா."

"அப்ப குளிசை?"

"சுகம் கிடைச்ச ஆளுக்கு என்னத்துக்குக் குளிசை?"

"டொக்டர் சொன்னதெல்லாம் மறந்து போச்சா உனக்கு?"

"டொக்டர் வேற, ராஃபா வேற."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்குத் தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன்.

திரும்பிவரும்போது பாலம் முழுக்க அந்தச் சொல்தான் வாயில். பாதி கோபம். மீதியை வெட்கமில்லாமல் எழுதுகிறேன் — ஆசை. ராஃபா. என்ன சொல் அது? அது குளிசைக்கு எதிரி என்று யார் சொன்னது?

மார்ச் 4, செவ்வாய்

அவளுடைய ஸ்டிக்கரை வைத்தே அவளை மடக்குவது என்று முடிவெடுத்துவிட்டேன். நான் வேறு எதில் கெட்டிக்காரி? மற்ற எதைக் கேட்டாலும் முழிப்பேன். சொல்லைத் துருவுவதுதான் தெரியும்.

வீட்டில் கிடந்த பழைய வேதாகமத்தை எடுத்தேன். கர்த்தர் தம்மை ராஃபா என்று சொல்லும் இடம் வனாந்தரத்தில் வருகிறது, கசப்புத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் சனம் முறுமுறுத்த கையோடு. பழைய தமிழில் அங்கே போட்டிருக்கும் சொல்: பரிகாரி.

பரிகாரி! நம் வாயில் பரியாரி. பரியாரி என்றால் யார்? வேரை இடித்து, பட்டையை அவித்து, குளிகை உருட்டி, புளி தின்னாதே, நண்டு தின்னாதே என்று பத்தியம் சொல்லி, முடிந்ததும் திரும்பவும் வா என்கிற ஆள். குளிகைதானே குளிசை!

உடனே டினோஷாவுக்குப் போன் எடுத்தேன். "அப்ப கர்த்தரே குளிசை உருட்டிற ஆள்தானேகா!"

"அக்கா, அது பழைய தமிழ். இப்ப ஆரு அப்பிடிச் சொல்ற?"

எனக்கே மொழிபெயர்ப்புப் பாடம் எடுக்கிறாள். குட்டி!

மார்ச் 7, வெள்ளி

பக்கத்து மேசை ஸாதியாவுக்குக் காத்தான்குடி. அறபு படித்துப் பட்டம் வாங்கிவிட்டு என்னோடு இருந்து சுற்றறிக்கை பெயர்க்கிறாள். நோன்பு தொடங்கிவிட்டது, மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவளுக்கு மிச்சம். எபிரேயமும் அறபும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். என் பாணைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டேன், அவளிடம் 'ராஃபா' மாதிரி ஒரு சொல் இருக்கிறதா என்று.

"இரிக்கே. ரஃபஅ. உசத்துற, தூக்குற."

எனக்குப் புல்லரித்துவிட்டது. படுத்துக் கிடக்கிறவனைத் தூக்கி நிறுத்துகிறவர்! அலுவலகக் கடதாசியிலேயே ஒரு பக்கம் எழுதிவிட்டேன். மூன்று மணிபோல ஸாதியா கதிரையைத் திருப்பினாள்.

"அக்கா, பிழ விட்டுட்டன். ஒங்கட சொல்லில கடசி எழுத்து என்ன?"

போனில் தேடிப் பார்த்தேன். அலெஃப்.

"அப்ப இது வேற. நான் செல்லினது தொண்டக்குள்ள இரிந்து வாற அய்ன். ஒங்கடது ஹம்ஸா." இரண்டையும் மாறிமாறிச் சொல்லிக் காட்டினாள். என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். நானும் சொல்லிப் பார்த்தேன். எனக்கு மீன் முள் சிக்கிவிட்டதென்று பியோன் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார்.

எழுதிய பக்கத்தைக் கிழித்தேன். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. அதில் நான் எப்படி ஏமாறாமல் இருப்பது?

மார்ச் 10, திங்கள்

ஸாதியா வீட்டில் தடித்த அகராதியைப் பார்த்துவிட்டு வந்தாள். ஹம்ஸாவோடு வருகிற ரஃபஅ: கிழிந்த துணியைத் தைப்பது, இழை ஓட்டி ஓட்டையை அடைப்பது.

தைப்பது!

வேலை ஓடவில்லை. துணியை இழையோட்டுகிறோம். சாக்கையும் வலையையும் பொத்துகிறோம். அப்படியென்றால் 'யெகோவா ராஃபா' என்பது 'பொத்துகிறவர்' என்றல்லவா ஆகும்? கிழிந்ததைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தருகிறவர் இல்லை. கிழிசலைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர். தைத்த இடம் தெரியும். தெரிந்தால் என்ன?

ஸாதியா சிரித்தாள். "நோய் மாறுறதுக்கு நாங்க ஷிஃபா எண்டுதான் செல்லுவம். இது தையக்காரர்ர சொல். ஒங்கட ஆக்கள் வலு விசித்திரம்."

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் கைகொடுத்துப் போகும்வரை காத்திருந்து போதகர் உதயரூபன் ஐயாவைப் பிடித்தேன். இறையியல் கல்லூரியில் எபிரேயம் படித்தவர். "படிச்சன்தான், சோதனை எழுதின பிறகு அதைத் திரும்பிப் பாக்கல்ல" என்றார். ஆனாலும் அலுமாரியைத் திறந்தார், புத்தகத்தை எடுத்தார், என்னைவிட அவருக்குத்தான் பிறகு நேரம் போனது தெரியவில்லை. ஐயாவின் மனைவி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தா.

தையல் கதையைச் சொன்னேன். "சில பேர் அப்பிடிச் சொல்லுவாங்கதான். எல்லாரும் ஒத்துக்கொள்ற இல்ல பீற்றிஸ்" என்றார். என் முகம் விழுந்ததைக் கண்டுவிட்டார்போல. "ஆனா இதைப் பாருங்க" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

இடிந்து கிடந்த பலிபீடத்தைக் கல் எடுத்து வைத்து ஒரு தீர்க்கதரிசி திருத்துகிறார். அங்கே இந்தச் சொல்! குயவன் பானையை உடைத்தால் அதைத் திரும்பவும் ஒட்ட முடியாது என்று வரும் இடத்தில் இந்தச் சொல். ஒரு ஊரின் கெட்ட நீரூற்று நல்லதாகிற இடத்திலும் இதே சொல். ஆளுக்கு மட்டும் இல்லை. கல்லுக்கு, மண்ணுக்கு, தண்ணீருக்கு. தமிழில் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு சொல்லைப் போட்டு அதை மறைத்துவிட்டோம். மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல நாக்கு வரவில்லை, நானும் அந்தத் தொழில்தானே.

எனக்கு மிகவும் பிடித்தது: இந்தச் சொல்லில் இருந்து வரும் 'வைத்தியர்கள்' முதன்முதலாக வேதத்தில் வந்து செய்கிற வேலை ஒரு செத்த உடம்பைத் தைலமிட்டுப் பதப்படுத்துவது. எகிப்தில். சுகமாக்குகிறவர்கள் முதலில் தொட்டது பிரேதத்தை! ஐயாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

மார்ச் 18, செவ்வாய்

அந்த நீரூற்று விசயம் விடுகிறதாக இல்லை. தீர்க்கதரிசி புதுச்சட்டியில் உப்பு வாங்கி ஊற்றில் போடுகிறார், தண்ணீர் சுகமாகிறது. உப்புப் போட்டா? கல்லடியில் போய் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். சுனாமிக்குப் பிறகு அங்கே உப்பேறிய கிணறுகளை எத்தனை தரம் இறைத்து இறைத்து ஊற்றியும் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கிடந்தது. அந்த ஊரில் உப்பு மருந்து, இந்த ஊரில் உப்புத்தான் நோய்.

இதை எந்தத் தமிழில் எழுதினாலும் மட்டக்களப்பு ஆள் ஒரு நிமிசம் முழிக்கத்தான் செய்வான்.

மார்ச் 23, ஞாயிறு

இன்றைக்கு முழு ஆயுதத்தோடு கல்லடிக்குப் போனேன். போதகர் ஐயா காட்டியதில் என்னிடம் ஒரு துருப்பு இருந்தது. ஒருவன் இன்னொருவனை அடித்துப் படுக்கையில் கிடத்தினால், வேலை கெட்ட நாட்களுக்கு ஈடு கொடுத்து, அவனைக் குணமாக்கவும் வேண்டும் என்று பழைய சட்டத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் இந்தச் சொல் இரண்டு தரம் அடுத்தடுத்து வருகிறது. யூதக் குருமார் அதைவைத்துத்தான், வைத்தியருக்கு வைத்தியம் செய்ய இறைவனின் அனுமதி உண்டு என்று சொன்னார்களாம்.

டினோஷா முன்பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கடதாசிப் பூ வெட்டிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு விடாமல் சொன்னேன். "நாம 'பாத்துப் பாத்து', 'சொல்லிச் சொல்லி' எண்டு சொல்ற மாதிரித்தான்கா. குணமாக்கிக் குணமாக்கி! ஒரு தரத்தில முடியிற வேலையில்ல. ஒவ்வொரு நாளும், காலையும் ராவும். நீ ஒட்டி வெச்சிரிக்கிற சொல்லே குளிசை போடு எண்டுதான் சொல்லுது."

கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கேட்டாள். தையல் கதையையும் சொன்னேன், பலிபீடத்தையும் சொன்னேன். அவள் கண் கலங்கியது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"வடிவா இரிக்கு அக்கா," என்றாள். திரும்பவும் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"போடுவியா?"

"அக்கா, ப்ளீஸ்."

அவ்வளவுதான்! மதுரன் என்னைக் கொண்டுவந்து விட்டான்.

பிறகு ஐயாவிடம் போனில் கேட்டால், எபிரேயத்தில் இரட்டித்து வந்தால் 'திரும்பத் திரும்ப' இல்லையாம், 'நிச்சயமாக' என்பதுதானாம். என் துருப்பும் பிழை. இந்த மாதம் எனக்குப் பிழை பிடிக்கிற மாதம்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். ஸாதியா வீட்டுக்குப் போனேன். வட்டிலப்பம் இரண்டு தரம் வாங்கித் தின்றேன். அவளுடைய உம்மா "இன்னும் கொஞ்சம் வைங்க புள்ள" என்று மூன்றாம் தரம் போட வந்தா, கையால் மறைத்துக்கொண்டேன்.

ஸாதியா கேட்டாள்: "தங்கச்சி என்ன செல்றா?"

நான் ஹே என்கிற எழுத்தைப் பற்றித் தொடங்கினேன். ராஃபாவின் கடைசியில் அலெஃப் இருந்தால் குணமாக்குவது. அலெஃப் போய் ஹே வந்தால் தளர்ந்துபோவது, கையை விட்டுவிடுவது. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், பார்த்தாயா என்று.

"அக்கா, நான் எழுத்தக் கேக்கல்ல. அவ ஏன் நிப்பாட்டின எண்டு கேட்டீங்களா?"

"கேட்டனே. சுகம் கிடைச்சிட்டாம்."

"ம்ம்," என்றாள் ஸாதியா. அந்த 'ம்ம்'க்கு அகராதியில் அர்த்தம் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

டினோஷா போன் எடுத்தாள். நல்லாக் கதைத்தாள். குளிசை என்றதும், "அக்கா, தண்ணி வந்திட்டு, டாங்க் நிறையுது" என்று வைத்துவிட்டாள். வெய்யில் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

எழுத ஏலாது. எழுதாமல் இருக்கவும் ஏலாது.

வருசப்பிறப்பு லீவு. காலையில் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மதுரன் பெற்றோல் அடிக்கப் போனான். டினோஷா குசினியில் எனக்குத் தேங்காய் திருவித் தந்துகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டு, யாரோ ஒரு பிள்ளை அவளை 'டீச்சரம்மா' என்று கூப்பிட்ட கதை சொல்லிக்கொண்டு. கதை பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தேன். கண் மேலே போயிருந்தது. விழுந்தாள். அந்தச் சத்தம் — சீமெந்து நிலத்தில தலை — கடவுளே.

சரிச்சுப் படுக்க வெச்சன். திருவலையத் தள்ளிப்போட்டன். தலைக்குக் கீழ என்ட சால்வை. வாய்க்க ஒண்டும் வைக்கல்ல. டொக்டர் சொன்னது ஒவ்வொண்டா ஞாபகம் வந்தது, ஆனா அது நிக்கல்ல. நிக்கும் நிக்கும் எண்டு பாக்கிறன், நிக்கல்ல. பக்கத்து வீட்டு ஆக்கள் ஓடிவந்து கையில திறப்புக்கோர்வையத் திணிக்கப் பாத்தாங்க, இரும்பு பிடிச்சா நிக்குமாம். "போங்க அங்கால! ஓட்டோவக் கூப்பிடுங்க!" எண்டு கத்தினன். உதடு நீலமாப் போச்சு. டினோ, டினோ, டினோ. எனக்கு வேற சொல்லே வரல்ல. இவ்வளவு நாளும் சொல் சொல் எண்டு திரிஞ்ச நான். ஒரு செபம்கூட வாயில வரல்ல.

மதுரன் வந்தான். தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்ட பிறகுதான் நின்றது. வாய்க்குக் கீழே நாடியில் தையல். இப்போது வார்டில் நித்திரை. மதுரன் பக்கத்தில் இருக்கிறான்.

இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் பாணும் பாலும் கொண்டு போனேன். முழித்திருந்தாள். நாக்கைக் கடித்ததால் சொல் கொஞ்சம் கொழகொழவென்று வந்தது. திட்டக்கூடாது என்று நேர்ந்துகொண்டுதான் போனேன். எபிரேயமும் கதைக்கக்கூடாது என்று. கட்டிலில் இருந்துகொண்டு அவள் தலையைத் தடவினேன். அவளாகவே சொன்னாள்.

"அக்கா, நான் சுகம் எண்டு நம்பினதே இல்ல."

எனக்கு விளங்கவில்லை. பிறகு அழுதழுது முழுவதையும் சொன்னாள். ஜெபக்கூட்டத்தில் மேடைக்குப் போனாளாம். ஊழியக்காரர் தலையில் கை வைத்துச் செபித்தாராம். முடிந்ததும் குனிந்து, மைக்கை இவள் வாய்க்குக் கிட்டப் பிடித்து, அன்பாகக் கேட்டாராம்: "தங்கச்சி, சுகமா?"

"நான் 'ஓம், சுகம்' எண்டன். வேற என்னக்கா சொல்ற? ஆரும் சுகமா எண்டு கேட்டாச் சுகம் எண்டுதானே நாம சொல்ற! வாயில வந்திட்டு. சொன்னவுடன சனம் எல்லாம் எழும்பி அல்லேலூயா எண்டு கத்திட்டு. அவரும் அழுதிட்டார். அதுக்குப் பிறகு நான் என்னண்டு... மைக்கைப் பிடிச்சு, இல்லைங்க, நான் மரியாதைக்குச் சொன்னனான் எண்டு சொல்றதா?"

அழுகையும் சிரிப்பும் எனக்கு ஒன்றாக வந்துவிட்டது. நேர்ஸ் திரும்பிப் பார்த்தா.

"அவர் குளிசைய நிப்பாட்டச் சொன்னவரா?"

"இல்ல. அதப்பத்தி அவர் ஒண்டுமே சொல்லல்ல."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. யாரோ அதை வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். போன வருடம் இவளுக்கு வலிப்பு என்று கதை பரவி, சில தாய்மார் பிள்ளைகளை முன்பள்ளியில் இருந்து எடுத்துவிட்டார்களாம். எனக்குச் சொல்லவே இல்லை. வீடியோ வந்த கிழமையே அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு தாய் கேக் செய்து கொண்டுவந்தாவாம்.

"இனி நான் கிளினிக் லைன்ல நிண்டாக் காணுவாங்க. பார்மசியில நிண்டாக் காணுவாங்க. பொய்க்காரி எண்டு சொல்லுவாங்க. பிள்ளைகள எடுத்திருவாங்க அக்கா. எனக்கு அந்தப் பிள்ளைகள் வேணும்."

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

ஏப்ரல் 16, புதன்

சிங்களத்தில் கேட்டிருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது. காண்கிற ஆளிடம் 'கொஹொமத' என்பார்கள். வருத்தக்காரரிடம்தான் 'சனீபத' என்பார்கள். இரண்டு கேள்வி, இரண்டு பதில். நமக்கு இரண்டுக்கும் ஒரே 'சுகமா', அதற்குப் பதிலும் பிறக்கும்போதே வாயில் வைத்து அனுப்பியது.

நான் எபிரேயத்தில் தோண்டிக்கொண்டு இருந்தேன், அவள் தமிழில் விழுந்து கிடந்தாள். எனக்கு என்மேல் எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

டினோஷாவை வீட்டுக்கு விட்டார்கள். குளிசை போடுகிறாள். என் முன்னால் போட்டாள், நாக்கை நீட்டியும் காட்டினாள், கழுதை. ஆனால் ஒளித்துத்தான் போடுவாளாம். நாடிக் காயத்துக்குக் 'குளியலறையில் வழுக்கினது' என்று கதை தயார். சரி, போடு. முதலில் உயிர், பிறகு உண்மை. இதைப் பெரிய வெள்ளியில் எழுதுகிறேன், கர்த்தர் மன்னிக்கட்டும்.

மே 8, வியாழன்

கிளினிக் நாள். லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். கொரோனா காலத்து மாஸ்க்கைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். யாரும் போடாத இடத்தில் அவள் ஒருத்தி மாஸ்க்கோடு இருந்தால் எல்லாரும் அவளைத்தான் பார்ப்பார்கள் என்று சொன்னேன். கேட்டால்தானே. மூலை வாங்கில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

எங்களுக்கு முன் வாங்கில் ஒரு பெண், மடியில் நாலு வயதுப் பிள்ளை. அந்தப் பெண்ணும் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டுதான் இருந்தா. பிள்ளை தாயின் தோளுக்கு மேலால் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நெற்றியில் பெரிய பிளாஸ்டர். திடீரென்று கையை நீட்டி, "டீச்சர்!" என்றது.

தாய் திரும்பினா. டினோஷா எழும்பிப் போகப் பார்த்தாள். போக இடம் இல்லை.

முன்பள்ளிப் பிள்ளைதான், ஷரோமி. அந்தப் பிள்ளைக்கும் வலிப்பு இருக்கிறதென்று முன்பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. தாய் சொல்லவில்லை. சொன்னால் எடுக்கமாட்டார்கள் என்று பயம்.

"டீச்சர், நீங்க இஞ்ச...?" என்று தாய் கேட்டா. டினோஷா மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டாள். தாய்தான் பிறகும் பேசினா, மெதுவாக, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல். "உங்கட வீடியோவப் பாத்திட்டு நாங்களும் செபிச்சம் டீச்சர். பிள்ளைக்குச் சிரப்ப நிப்பாட்டினன். உங்களுக்குச் சுகம் வந்தா இவளுக்கும் வரும்தானே எண்டு. போன கிழமை படியில விழுந்திட்டாள்."

நான் தங்கச்சியைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

டினோஷா மாஸ்க்கைக் கழற்றினாள். நாடியில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் கிடக்கிறது. தாய்க்குப் பக்கத்தில் போய் இருந்தாள். ஷரோமியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குச் சுகம் வரல்ல. நானும் நிப்பாட்டினன், நானும் விழுந்தன். இந்தா பாருங்க. நான் அண்டைக்குச் சொன்னது பொய். இவளுக்குச் சிரப்ப நிப்பாட்டாதீங்க. ஒரு நாளும் நிப்பாட்டாதீங்க."

அந்தத் தாய் தழும்பையே பார்த்தா. கோபமா, அழுகையா, என்னால் வாசிக்க முடியவில்லை. பெயர் கூப்பிட்டார்கள், பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டா.

ஓட்டோவில் டினோஷா கேட்டாள்: "அக்கா, இன்னும் ஆராரு பாத்திருப்பாங்க?"

மே 10, சனி

வீடியோ எடுக்கப் போகிறாளாம். என்னை வரச் சொன்னாள், போனைப் பிடிக்க. மதுரன் பிடிச்சாப் படம் ஆடுதாம்.

அவள் வீட்டு முற்றத்தில் எடுத்தோம். முதல் தரம் அழுதுவிட்டாள். இரண்டாம் தரம் பக்கத்து வீட்டுச் சேவல் கூவிவிட்டது. மூன்றாம் தரம் சரியாக வந்தது. பெயரைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள். "எனக்கு வலிப்பு இரிக்கு. ஒவ்வொரு நாளும் குளிசை போடுறன். மேடையில சுகம் எண்டு சொன்னன், அது பிழை. செபமும் பண்ணுறன், குளிசையும் போடுறன். ஆரும் என்னப் பாத்து மருந்த நிப்பாட்டியிருந்தா, தயவுசெஞ்சு இண்டைக்கே டொக்டரிட்டப் போங்க."

'அது பிழை' என்பதற்குப் பதில் 'அது தவறுதலாக வந்தது' என்று போட்டால் கொஞ்சம் மென்மையாக இருக்கும் என்று சொல்ல வாய் வந்தது. மூடிக்கொண்டேன்.

"போடட்டா?" என்று மதுரனைப் பார்த்தாள்.

"போடு," என்றான். "முன்பள்ளி இல்லாட்டி நாம வேற பாப்பம்."

போட்டுவிட்டாள். பிறகு மூன்று பேரும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சாப்பிட்டோம்.

மே 11, ஞாயிறு

பேஸ்புக்கில் நல்லது எழுதியவர்களும் உண்டு, 'சாட்சியை மறுதலித்தவள்' என்று எழுதியவர்களும் உண்டு. ஒருவர் இரண்டையும் எழுதியிருக்கிறார். போதகர் ஐயா எனக்கு ஒரே வரி அனுப்பியிருந்தார்: "தங்கச்சியிடம் சொல்லுங்கள், அவள் சொன்னதுதான் சாட்சி."

வெசாக் லீவு முடியும்வரை முன்பள்ளி இல்லை. என்ன நடக்கும் என்று தெரியாமல் இந்த இரண்டு நாளை எப்படித் தள்ளுவது?

மே 14, புதன்

பாதிப் பிள்ளைகள்தான் வந்ததாம். கேக் கொண்டுவந்த தாயின் பிள்ளை வரவில்லை.

ஷரோமி வந்தாளாம். தாய் கேற்றில் நின்று, மத்தியானச் சிரப் போத்தலையும் அளக்கிற கரண்டியையும் டினோஷாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாவாம்.